சின்னப் பாதைக்குப் போன வழக்கு

ஒக்டோபர் 14, திங்கள்

லோயர் பிள்ளை ஆரபி சொல்லித்தான் இந்தக் கொப்பி. "ஈரம் எப்ப கூடுது, திவிஷா எப்ப இருமுறா, எல்லாத்தையும் திகதி போட்டு எழுதி வையுங்கோ அன்ரி. பிறகு கோட்ஸில உதவும்" எண்டாள். திகதி போட்டாச்சு. ஈரம் இருக்கு. எப்ப இல்லாமல் இருந்தது?

மகள் திவிஷாவின்ர அறையில கட்டிலுக்குப் பின்னால சுவர் என்ர இடுப்பளவுக்குக் கறுத்துக் கிடக்கு. ப்ளீச் ஊத்தித் தேய்ச்சால் ஒரு கிழமைக்கு வெள்ளையாய் நிக்கும், பிறகு பழையபடி பூஞ்சணம். மூண்டு வருசமா ஞாயிற்றுக்கிழமை எண்டால் எனக்குச் சுவர் தேய்க்கிற நாள். மற்றவை கோயிலுக்குப் போவினம்.

வீட்டுக்காரர் குணநாயகம் அண்ணை பிறத்தி ஆளில்லை. ஊரில எங்கட வீட்டுக்கு ரண்டு ஒழுங்கை தள்ளித்தான் அவையின்ர வீடு. லண்டனுக்கு வந்து கடை கடையாத் திறந்து, வீடு வீடா வாங்கி, இப்ப ஊர்ச்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். சுவரைத் திருத்தித் தாங்கோ அண்ணை எண்டு கேட்ட நேரமெல்லாம் "பாப்பம் தங்கச்சி" எண்டார். பாத்துக்கொண்டேதான் இருந்தார். போன பெப்ரவரி பிள்ளைக்கு முட்டு இழுத்து, மூச்செடுக்க ஏலாமல் ஆசுப்பத்திரியில வைச்சிருந்தவை. அப்பத்தான் எனக்கு விசர் கிளம்பினது. வழக்குப் போட்டன்.

இண்டைக்கு அவற்ற பதில் வந்திருக்கு. ஆரபி ஃபோனில தமிழாக்கிச் சொன்னாள். சுவரில ஒரு பிழையும் இல்லையாம். வாடகைக்கு இருக்கிற மனுசி சோறு அவிச்சு ஆவியை வீட்டுக்குள்ள விடுறாவாம், உடுப்பை உள்ளுக்குக் காயப்போடுறாவாம், யன்னல் திறக்கிறேல்லையாம். பூஞ்சணத்துக்கு அவவின்ர சீவியமுறைதான் காரணமாம்.

அண்ணை வீட்டில சோறு வெயிலிலயோ அவியுது? இந்தக் கதை எனக்கு வர முன்னமே கோயில் வரைக்கும் போட்டுது. போன கிழமை ஒருத்தி வந்து, "யன்னலைக் கொஞ்சம் திறந்து விடுமன் சாந்தரூபி" எண்டு பாவம் பாக்கிறா. எனக்கு மூஞ்சை சிவந்துபோச்சு. ஊத்தைப் பொம்பிளை எண்டு பேரெடுக்கவே கடல் தாண்டி வந்தனான்?

எனக்கு ஒண்டுதான் வேணும். பிழை சுவரோ, நானோ. அதை ஒரு நீதிபதி வாய் திறந்து சொல்லவேணும்.

ஒக்டோபர் 16, புதன்

பள்ளிக்கூடக் குசினியில வேலை முடிச்சு, ஏப்ரனைக் கழட்டி பைக்குள்ள திணிச்சுக்கொண்டு ஆரபியின்ர ஓஃபிசுக்குப் போனன். வழக்கு இனி எந்தப் பாதையில போகும் எண்டு நீதிபதி தீர்மானிப்பாராம். நான் வழக்கெண்டால் வழக்கு, பாதையென்ன பாதை எண்டு கேட்டன்.

பிள்ளைக்குப் பொறுமை இருக்கு. பேப்பரில கோடு கீறிக் காட்டினாள். எமேர்ஜென்சியில முதல் ஒரு நேர்ஸ் பாத்து, நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் எண்டு அனுப்புறா எல்லோ, அதுமாதிரித்தானாம். சின்ன வழக்குக்குச் சின்னப் பாதை. கொஞ்சம் பெரிசுக்கு விரைவுப் பாதை. அதுக்கும் மேல ரண்டு இருக்கு, அது எங்களுக்குத் தேவையில்லை எண்டாள்.

"நாங்கள் திருத்த வேலை செய்யச் சொல்லி உத்தரவும் கேக்கிறம் அன்ரி. அந்த வேலைக்கு ஆயிரம் பவுணுக்கு மேல போகும் எண்டு எங்கட சர்வேயர் எழுதியிருக்கிறார். அதால விரைவுப் பாதை கிடைக்கும். அங்க நான் உங்களுக்காகக் கதைப்பன், சர்வேயரின்ர அறிக்கையை நீதிபதி பாப்பார். வெண்டால் என்ர கூலியின்ர பெரும் பங்கு அவைதான் கட்டவேணும்."

"சின்னப் பாதைக்குப் போனால்?"

"அங்க வெண்டாலும் லோயர் கூலி கிடைக்காது. எங்கட ஓஃபிஸ் விலகிடும். சர்வேயர் அறிக்கைக்கும் நீதிபதி தனியா அனுமதி தரவேணும். நீங்களே நிண்டு கதைக்கவேணும்."

என்ர இங்கிலீசு, பட்டாணி போடட்டோ எண்டு பிள்ளையளைக் கேக்கிறதுக்குத்தான் காணும். நீதிபதிக்குப் பட்டாணி போடவே போறன்?

இரவுச் சாப்பாட்டில இவருக்கு எல்லாத்தையும் அந்த நேர்ஸ் கதையோட சேத்து விளங்கப்படுத்தினன். நகுலன் பெற்றோல் ஸ்ரேசனில வேலை செய்து களைச்சு வாற மனுசன், வழக்கெண்டால் பாதி காதிலதான் கேப்பார். இண்டைக்குப் பிட்டைக் குழைச்சபடி முழுக்கக் கேட்டார். எனக்குச் சந்தோசமா இருந்தது.

"அப்ப, நீதிபதி பாக்கிறதுக்கு முன்னம் அண்ணை சுவரைத் திருத்திப்போட்டால்?" எண்டார்.

"உத்தரவு கேக்கத் தேவையில்லாமல் போகும். நட்டஈடு மட்டும் மிஞ்சும். சின்னப் பாதைதான். ஆனால் அந்தாள் மூண்டு வருசமாத் திருத்தாதது இப்பவே திருத்தப்போகுது?" எண்டு சிரிச்சன். இவரும் சிரிச்சார்.

ஒக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. கோயிலில நல்ல சனம். குணநாயகம் அண்ணை என்னைக் கண்டும் காணாதமாதிரிப் போனார். ஆனால் செருப்பு வைக்கிற இடத்தில இவரோட நிண்டு கனநேரம் கதைச்சவர். என்னவாம் எண்டு கேட்டன். "சும்மா, ஊர்ப் புதினம்" எண்டார் இவர்.

நவம்பர் 20, புதன்

ரண்டு பக்கமும் ஒரு கேள்விப் பத்திரம் நிரப்பவேணுமாம், எந்தப் பாதை தோது, எத்தனை சாட்சி எண்டெல்லாம். ஆரபி எங்களுக்கு விரைவுப் பாதை எண்டு போட்டாள். அண்ணை ஆக்கள் சின்னப் பாதை எண்டு போட்டிருக்கினம். நீதிபதி ஜனவரி கடைசியில பாப்பார் போல இருக்கு. அண்டைக்கு என்ன நிலைமையோ அதை வைச்சுத்தான் பாதை.

கோட்ஸ் விசயமா ஆரபி அனுப்புற ஈமெயில் எல்லாம் இவற்ற ஃபோனுக்குத்தான் வரும். இவர்தான் வாசிச்சுச் சொல்லுவார், பதிலும் போடுவார். எனக்கு அது பெரிய உதவி.

திவிஷா ரண்டு தரம் இருமினாள். முட்டுக்கு அடிக்கிற பம்பை அடிச்சுவிட்டன்.

டிசம்பர் 8, ஞாயிறு

நல்ல செய்தி எழுதவும் இந்தக் கொப்பியில இடம் இருக்கட்டும். இவருக்கு வேலை மாறியிருக்கு. கிங்ஸ்பரியில புதுசாத் திறக்கிற மரக்கறிக் கடையில மேற்பார்வை. இனி இரவு வேலை இல்லை. ஆற்ற கடை எண்டு கேட்டன். சினேகிதன் ஒருத்தன்ர எண்டார். எந்தச் சினேகிதன் எண்டு கேக்க, "உனக்குத் தெரியாது" எண்டு குளிக்கப் போட்டார். பதினாலு வருசமா இந்த மனுசனோட இருக்கிறன், எனக்குத் தெரியாத சினேகிதன் ஒருத்தன் இருக்கிறான் எண்டது புதினம்தான். இருக்கட்டும், ஆம்பிளையளுக்கு வேலையிடத்தில ஆயிரம் பேர்.

ஒரு மூட்டை அரிசியும் கொண்டுவந்தவர். குணநாயகம் அண்ணையின்ர கடையில விக்கிற அதே மார்க். எல்லாக் கடையிலயும் இருக்கும்தானே.

டிசம்பர் 17, செவ்வாய்

குசினியில கரட் வெட்டிக்கொண்டிருக்க திவிஷாவின்ர பள்ளிக்கூடத்தால ஃபோன். முட்டு. வெட்டினது வெட்டினபடி விட்டிட்டு ஓடினன். ஆசுப்பத்திரியில டொக்டர், "வீட்டில ஈரம் இருக்கோ" எண்டு கேட்டார். இருக்கெண்டு சொல்லவே வெக்கமாப் போச்சு. நான் ஏன் வெக்கப்படவேணும்? அதுதான் அந்தாள் எனக்குச் செய்த வேலை.

ஜனவரி 4, சனி

நம்பமாட்டியள். காலமை கதவு தட்டிச்சுது. திறந்தால் குணநாயகம் அண்ணை, பின்னால ரண்டு போலந்து வேலையாக்கள், வானில சீமெந்து மூட்டை, ஏணி.

"தங்கச்சி, புது வருசம். பகையெல்லாம் பழைய வருசத்தோட போகட்டும். சுவரைச் செய்து தாறன்" எண்டார்.

எனக்கு வாயில வந்ததெல்லாம் வேற. ஆனால் மனுசன் அண்ணை எண்டு வந்து வாசலில நிக்குது, வயசும் போனது, குளிரில மூக்கு ஓடுது. தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். இவர் இண்டைக்கெண்டு வீட்டில நிண்டவர். வேலையாக்களுக்கு அறையைக் காட்டினதும் இவர்தான். கட்டிலை முதல்நாளே இழுத்து நடுவில விட்டிருந்தவர். தூசு தட்ட எண்டு சொன்னவர்.

ஜனவரி 5, ஞாயிறு

இண்டைக்குச் சுவர் தேய்க்கேல்லை. தேய்க்கிறதுக்குச் சுவரில்லை, கல்லுத்தான் நிக்குது.

ஜனவரி 9, வியாழன்

வேலை முடிஞ்சுது. பழைய பூச்சை எல்லாம் கொத்தி எறிஞ்சவை. வெளியால கூரைப் பீலி உடைஞ்சு மழைத்தண்ணி முழுக்கச் சுவருக்குள்ளதான் இறங்கியிருக்கு. வேலைக்காரப் பெடியன் கைவிரலை விட்டுக் காட்டினான், கல்லுக்கும் கல்லுக்கும் இடையில சாந்து இல்லை, சேறுதான். புதுப் பீலி போட்டு, கல்லு இடுக்கெல்லாம் அடைச்சு, புதுசாப் பூசியிருக்கினம். கையை வைச்சுப் பாத்தன். காய்ஞ்சு போய், சுவர்மாதிரி இருந்தது.

சொல்லத்தான் வேணும், எனக்கு அழுகை வந்தது. குணநாயகம் அண்ணையை மனசுக்குள்ள திட்டின திட்டுக்கெல்லாம் ஒரு மன்னிப்பும் கேட்டன்.

இவரிட்ட, "ஆரபிக்கு ஈமெயில் போடுங்கோ, அவள் அறியவேணும்" எண்டன். பின்னேரம் கேட்டதுக்கு அனுப்பிட்டன் எண்டார்.

ஜனவரி 12, ஞாயிறு

இவற்ற யோசனை. "பொங்கலுக்கு முன்னம் புது அறையில பால் காய்ச்சுவம், அண்ணை ஆக்களையும் கூப்பிடுவம்" எண்டார். புது வீட்டுக்குக் குடி பூரேக்கதானே பால் காய்ச்சிறது, இருந்த வீட்டுக்கு என்னத்துக்கு எண்டு கேட்டன். "இருந்தது வீடே? இனித்தான் வீடு" எண்டார். அது சரியாத்தான் பட்டுது.

குணநாயகம் அண்ணையும் அவற்ற மனுசி மலர் அக்காவும் பழத்தட்டோட வந்தினம். கரண்ட் அடுப்பை அறைக்குள்ள கொண்டுபோய் வைச்சு, புதுச் சட்டியில பால் ஊத்தினன். மலர் அக்கா புதுச் சுவரில மஞ்சள் பொட்டு வைச்சா. பால் பொங்கி வழிய திவிஷா கை தட்டினாள். "இங்கை பார் சாந்தி" எண்டு இவர் ஃபோனைத் தூக்கிப் பிடிச்சார். நான் சட்டியை ஏந்திக்கொண்டு, பின்னால வெள்ளைச் சுவர், பக்கத்தில அண்ணை. எனக்கு அப்பிடிச் சிரிப்பு வந்து கனகாலம்.

"படத்தை எனக்கும் விடுங்கோ" எண்டு மலர் அக்கா கேட்டா. இவர் பாப்பம் எண்டார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பிள்ளை நாலு நாளா ஒருக்காலும் இருமேல்லை.

பெப்ரவரி 6, வியாழன்

ஆரபி ஃபோன் எடுத்தாள். குரல் சரியில்லை.

"அன்ரி, வீட்டில திருத்த வேலை நடந்ததோ?"

"ஓம். அங்கிள் உனக்கு எழுதினவர் எல்லோ."

பேப்பர் பிரட்டிற சத்தம் கேட்டுது. பிறகு சொன்னாள். ஜனவரியில அவளே இவருக்கு ஈமெயில் போட்டுக் கேட்டவளாம், வீட்டில ஏதும் மாற்றம் இருக்கோ, இருந்தால் உடன சொல்லுங்கோ, நான் நீதிபதிக்கு எழுதவேணும் எண்டு. ஒரு மாற்றமும் இல்லை எண்டு பதில் வந்ததாம். இந்தப் பக்கம் அவள் சும்மா இருக்க, அந்தப் பக்கம் வேலை முழுக்க முடிஞ்சுது, வாடகைக்கு இருக்கிறவ திருப்தியா இருக்கிறா எண்டு எழுதி, ஒரு படத்தையும் வைச்சுக் குடுத்திட்டினம்.

"என்ன படம்?"

"நீங்கள் ஒரு பானை வைச்சிருக்கிறியள். சிரிக்கிறியள். பின்னால புதுச் சுவர்."

நீதிபதி வழக்கைச் சின்னப் பாதைக்குப் போட்டிட்டாராம். நேரத்துக்குத் தெரிஞ்சிருந்தால் வாதாடிப் பாத்திருக்கலாம், வழக்குக்குப் பயந்துதான் திருத்தினவை எண்டு சொல்லியிருக்கலாம் எண்டாள். இனி இந்த வழக்கைச் செய்ய ஓஃபிஸ் அவளை விடாது. "சொறி அன்ரி" எண்டாள். பிள்ளையில என்ன பிழை.

பெப்ரவரி 7, வெள்ளி

ஃபோன் பிழைச்சிருக்கும். இவற்ற ஃபோன் பழசு, அனுப்பினது போகாமலும் இருக்கும். மாற்றம் இல்லை எண்டது பிள்ளையின்ர முட்டு வருத்தத்தைப் பற்றியாயும் இருக்கும். இங்கிலீசில அப்பிடியும் விளங்கும்தானே.

படம் மலர் அக்காவின்ர ஃபோனால போயிருக்கும். அவவும் எடுத்தவவோ? எனக்கு ஞாபகமில்லை. எடுத்திருப்பா.

இவரிட்டக் கேட்டன். "எனக்கொண்டும் தெரியாது" எண்டார். பிறகு, "பிள்ளை நல்லா நித்திரை கொள்ளுறாள் எல்லோ, இனி என்ன வழக்கு வேண்டிக் கிடக்கு, விடு" எண்டார். விடுறதுக்கு இது என்ன பட்டமே?

பெப்ரவரி 16, ஞாயிறு

கோயில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டப் போனன். போகாமலே விட்டிருக்கலாம். இல்லை, போனதுதான் நல்லது.

எனக்குப் பக்கத்தில மலர் அக்கா, பூசணி வெட்டிக்கொண்டு. நல்ல மனுசி, வாயில பூட்டில்லை, அவ்வளவுதான். "உன்னில எனக்கு ஒரு கோவமும் இல்லை சாந்தரூபி. எல்லாம் நல்லபடி முடிஞ்சுது. உன்ர மனுசன் இல்லாட்டி எங்கட இவர் நல்லா மாட்டுப்பட்டிருப்பார்" எண்டா.

நான் கத்தியை நிப்பாட்டேல்லை. "என்னக்கா சொன்னவர் என்ர மனுசன்?" எண்டு சாதாரணமாக் கேட்டன்.

"நீதிபதி பாக்கிறதுக்கு முன்னம் சுவரைத் திருத்தினால் வழக்குச் சின்னதாப் போயிடும், லோயர் பெட்டையும் விட்டிட்டுப் போயிடும் எண்டு அவர்தானே வந்து சொன்னவர். ஆசுப்பத்திரி வரிசை மாதிரி எண்டு எவ்வளவு வடிவா விளங்கப்படுத்தினவர். இவர் அண்டைக்கே சொன்னவர், நகுலன் நல்ல மூளைக்காரன், கிங்ஸ்பரிக் கடையை அவனிட்டயே குடுப்பம் எண்டு." பிறகு என்ர முகத்தைப் பாத்திட்டு, "உனக்குத் தெரியும்தானே?" எண்டா.

தெரியும் எண்டன்.

பூசணி முழுக்க வெட்டி முடிச்சிட்டுத்தான் எழும்பினன். வீட்டுக்கு வந்து பிள்ளையின்ர அறைக்குள்ள போய் அந்தச் சுவரோட சாய்ஞ்சு இருந்தன். நான் சொன்ன நேர்ஸ் கதை. பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டு முழுக்கக் கேட்டவர் எண்டு சந்தோசப்பட்டன் எல்லோ, அந்தக் கதையை அப்பிடியே கொண்டுபோய் அந்தாளிட்ட வித்திருக்கிறார்.

அந்தாள் என்னை ஊத்தை எண்டு சொன்னதை நான் தாங்கினன். அது பிறத்தி. இது என்ர கோப்பையில சாப்பிட்ட மனுசன். அந்தப் படத்தில நான் சிரிக்கிறது ஃபோனைப் பாத்தில்லை. பிடிச்சிருந்தவரைப் பாத்து.

பெப்ரவரி 17, திங்கள்

இவருக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். ஒண்டும் கேக்கேல்லை.

மார்ச் 5, புதன்

திங்கக்கிழமை ஆரபியின்ர ஓஃபிசில இருந்து விலகிறம் எண்டு கடிதம். அண்டைக்குப் பின்னேரமே அவள் தன்ர ஃபோனால எடுத்தாள். "இது ஓஃபிஸ் ஃபோனில்லை அன்ரி. கேளுங்கோ. சின்னப் பாதையெண்டாலும் அதுவும் கோட்ஸ்தான். பிழை ஆரில எண்டு அந்த நீதிபதியும் சொல்லலாம். மொழிபெயர்ப்பாளர் கேட்டு எழுதிப்போடுங்கோ, தருவினம். நீங்கள் குசினியில கதைக்கிறமாதிரிக் கதையுங்கோ, காணும்" எண்டாள்.

விடுவமோ எண்டு ரண்டு நாள் யோசிச்சன். சுவர் காய்ஞ்சிட்டுது, பிள்ளை ஓடித்திரியிறாள். ஆனால் கோட்ஸ் தாளில இண்டைக்கும் என்ர பேருக்குக் கீழ அந்தச் சோத்து ஆவிதானே எழுதிக் கிடக்கு. விடமாட்டன்.

மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு எழுத, இந்தமுறை இவரிட்டப் போகேல்லை. திவிஷாவைக் கொண்டு எழுதுவிச்சன். பிள்ளைக்குப் பத்து வயசு, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுறாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இவர் இப்ப எனக்குப் பயப்பிடுறார் போல. சட்டி கழுவிறார், குப்பை கொண்டுபோறார். கேட்டால் சொல்லுவார் எண்டு தெரியுது. நான் கேக்கமாட்டன். எனக்கு முதல் ஒரு வேலை கிடக்கு.

மே 13, செவ்வாய்

வழக்கு. இவர் வாறன் எண்டார். "கடைக்குப் போங்கோ, அண்ணை பாத்துக்கொண்டிருப்பார்" எண்டன்.

படத்தில வாற கோட்ஸ்மாதிரி இல்லை. சின்ன அறை, நீட்டு மேசை, மேசைத் தலைப்பில நீதிபதி. வயசான மனுசன், கழுத்துப்பட்டி, சளிக்கு ஏதோ சூப்பிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் குணநாயகம் அண்ணையும் அவற்ற லோயரும். காசு இருந்தால் எந்தப் பாதைக்கும் லோயர் வரும். மற்றப் பக்கம் நானும், மொழிபெயர்க்கிற இந்தியத் தமிழ்ப் பொம்பிளையும்.

அவற்ற லோயர் நல்லாக் கதைச்சான். சுவரில பிழை இருக்கேல்லையாம். அண்ணை நல்ல மனசால, ஊர்ப் பாசத்தில, பழைய சுவரை வடிவாக்கிக் குடுத்தவராம். அந்த அம்மாவே எவ்வளவு சந்தோசமா இருக்கிறா பாருங்கோ எண்டு அந்தப் படத்தை மேசையில வைச்சான். பெரிசாக்கி அடிச்சிருந்தவை. என்ர பல்லெல்லாம் தெரியுது.

நீதிபதி கண்ணாடிக்கு மேலால என்னைப் பாத்து, இதில என்ன செய்யிறீங்கள் எண்டு கேட்டார். மொழிபெயர்க்கிற பொம்பிளைக்கு அது என்னெண்டு தெரியும், தானே விளங்கப்படுத்த வெளிக்கிட்டா. நீதிபதி கையைக் காட்டி, அவ சொல்லட்டும் எண்டார்.

தமிழில கதைக்க எனக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை.

"ஐயா, இது பால் காய்ச்சிறது. நாங்கள் ஒரு வீட்டுக்குக் குடிபோற முதல்நாள் செய்யிறது. இருக்கிற வீட்டுக்குச் செய்யிறேல்லை. நான் அந்த வீட்டில மூண்டு வருசமா இருக்கிறன். ரண்டு பேரும் ஒரே ஊர், அண்ணைக்கும் இது தெரியும். அந்தச் சுவர் முந்தியே நல்ல சுவர் எண்டால், எங்கட அறைக்குள்ள பழத்தட்டோட வந்து என்னோட நிண்டு என்னத்துக்குப் பால் காய்ச்சினவர்? அண்டைக்குத்தான் அது ஆக்கள் இருக்கிற வீடா வந்தது எண்டு அவருக்குத் தெரியும். நான் சிரிக்கிறதும் அதுக்குத்தான். என்ர பிள்ளை அந்தக் கிழமைதான் இருமாமல் கிடந்தவள்."

அண்ணை குனிஞ்சு கொண்டார். லோயர் என்னவோ சொல்ல வெளிக்கிட, நீதிபதி அவனை விட்டிட்டு நேர அண்ணையைக் கேட்டார், அவ சொல்லுற வழக்கம் சரியோ எண்டு. அண்ணை இங்கிலீசிலதான் சொன்னார். எனக்கே விளங்கினது. ஓம் எண்டவர்.

பீலி உடைஞ்சிருந்ததோ எண்டும் கேட்டார். அதுக்கும் ஓம்.

பிறகு நீதிபதி படத்தைத் திருப்பி என்ர பக்கம் வைச்சார். "நல்ல படம். ஆர் எடுத்தது?"

"என்ர மனுசன்" எண்டன்.

"அவர் உங்கட சாட்சியா வந்திருக்கிறாரோ?"

"இல்லை ஐயா. அவர் என்ர பக்கமில்லை."

மொழிபெயர்க்கிற பொம்பிளை ஒருக்கா என்னைப் பாத்தா. பிறகு அப்பிடியே சொன்னா. நீதிபதி சூப்பிறதை நிப்பாட்டினார். அதைப் பற்றி மேல ஒண்டும் கேக்கேல்லை.

பின்னேரத்துக்குள்ளேயே தீர்ப்புச் சொன்னார். ஈரம் உடைஞ்ச பீலியாலயும் சாந்து போன சுவராலயும் வந்தது. வாடகைக்கு இருந்தவவின்ர சமையலோ சீவியமுறையோ காரணமில்லை. மொழிபெயர்க்கிறவ சொல்லிமுடிக்க, இன்னொருக்காச் சொல்லுங்கோ எண்டு கேட்டன். சொன்னா. நட்டஈடும் உண்டு, எவ்வளவெண்டு இஞ்சை எழுதேல்லை. வெளியில வந்து ஆரபிக்கு அடிச்சன். பிள்ளை ஃபோனில அழுதாள்.

இவர் வெள்ளன வந்து குசினி மேசையில இருந்தவர். திவிஷா நீச்சலுக்குப் போட்டாள்.

"என்ன நடந்தது?"

"சுவர் எண்டு சொன்னவர்."

"அப்ப வெண்டாச்சு" எண்டார். முகம் தெளிஞ்சுது. "பாத்தியே, சின்னப் பாதையெண்டாலும் ஒண்டும் குறையேல்லை."

"படத்தை ஆர் எடுத்தது எண்டு கேட்டவர்."

தெளிஞ்ச முகம் திரும்ப வாடிச்சுது. கையில இருந்த கோப்பையை வைச்சார். "சாந்தி, நீ நினைக்கிறமாதிரி இல்லை. வழக்குப் பெரிசாப் போனால் வீட்டை விட்டு எழுப்பிப்போடுவன் எண்டு அண்ணை..." எண்டு இழுத்திட்டு, என்ர முகத்தைப் பாத்து நிப்பாட்டினார்.

"கிங்ஸ்பரிக் கடையைத் தந்ததும் எழுப்பாமல் இருக்கிறதுக்குத்தானோ?" எண்டன்.

கோப்பையை அங்கால தள்ளினார்.

எனக்குக் கத்தவேணும் போல இருந்தது. கத்தேல்லை. அவருக்கு முன்னால கதிரையை இழுத்துப்போட்டு இருந்தன்.

"சின்னப் பாதையில ஆருக்கும் ஆரும் கதைக்கமாட்டினம். அவரவர் வழக்கை அவரவர்தான் சொல்லவேணும். இண்டைக்கு என்ரதை நான் சொன்னன். இப்ப உங்கடதை நீங்கள் சொல்லுங்கோ. ஈமெயிலில இருந்து தொடங்குங்கோ. நான் குறுக்க கதைக்கமாட்டன்."

அவருக்கு முன்னால இந்தக் கொப்பியை விரிச்சு, திகதி போட்டு, காலமை தொடக்கம் நடந்ததை எழுதிக்கொண்டு வாறன். இந்த வரி வரைக்கும் எழுதியாச்சு. இவர் இன்னும் தொடங்கேல்லை.